மூளையில் கொழுப்புக் கட்டி: ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'லிப்போமா' என்று இருந்தால் ஆபரேஷன் செய்தே ஆகணுமா?

தலைவலி என்று ஸ்கேன் எடுக்கப் போவார்கள். தலைவலிக்குச் சம்பந்தமே இல்லாத வேறு ஒன்று ஸ்கேனில் தெரியும். அப்படித் தற்செயலாகக் கண்ணில் படுகிற ஒன்றுதான் மூளையில் இருக்கும் கொழுப்புக் கட்டி. மருத்துவத்தில் இதன் பெயர் 'இன்ட்ராகிரேனியல் லிப்போமா'.

'மூளை', 'கட்டி' என்ற இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துப் பார்த்தாலே வீட்டில் எல்லோரும் ஆடிப்போய்விடுவார்கள். ஆனால், பெரும்பாலான லிப்போமாக்களுக்கு கத்தியே தேவைப்படாது. அது லிப்போமாதானா என்று ஸ்கேனிலேயே சரியாகக் கண்டுபிடிப்பதுதான் முக்கியம். அதை எப்படிச் செய்கிறார்கள்?

லிப்போமா எப்படி வருகிறது?

இது பிறவியிலேயே இருப்பது. கருவில் மூளை உருவாகும்போது அதைச் சுற்றி ஒரு மெல்லிய திசு இருக்கும். நாளாக ஆக அந்தத் திசுவின் ஒரு பகுதி கரைந்து, மூளையைச் சுற்றியுள்ள திரவத்துக்கு இடம் விடும். சிலருக்கு அது முழுசாகக் கரையாமல் தங்கி, கொழுப்பாக மாறிவிடுகிறது. அதனால் இதை புற்றுநோய் மாதிரி வளரும் கட்டியாக மருத்துவர்கள் பார்ப்பதில்லை. மூளை உருவானபோது ஏற்பட்ட ஒரு சின்னப் பிசகு என்றுதான் சொல்கிறார்கள்.

எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டதால் வருவதும் இல்லை. கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டால் கரைவதும் இல்லை.

மூளைக் கட்டிகளில் இதன் பங்கு 0.1 முதல் 0.5 சதவீதம்தான். கிட்டத்தட்ட பாதி லிப்போமாக்கள், மூளையின் இடது, வலது பாதிகளை இணைக்கும் 'கார்பஸ் கலோசம்' என்ற பாலத்தை ஒட்டியே இருக்கும். 1856-லேயே ரோகிடான்ஸ்கி என்ற மருத்துவர் இந்த இடத்தில் இருந்த லிப்போமாவைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால், உயிரோடு இருப்பவரின் தலைக்குள் இதைத் தெளிவாகப் பார்க்க ஸ்கேன் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சி.டி. ஸ்கேன்: எண்ணே சொல்லிவிடும்

1971-ல் லண்டனில் ஒரு நோயாளிக்கு முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. அந்தக் கருவியை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1979-ல் நோபல் பரிசு கிடைத்தது. உடம்பின் ஒவ்வொரு பொருளும் எக்ஸ்-ரே கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதை அளக்கும் அலகுக்கும் அவர் பெயர்தான்.

அந்த அளவுகோலில் தண்ணீர் 0. காற்று மைனஸ் 1000. புதிதாகக் கசிந்த ரத்தம் சுமார் 50 முதல் 70. எலும்பு பல நூறுக்கு மேல். கொழுப்பு மைனஸ் 50 முதல் மைனஸ் 100 வரை.

சி.டி. படத்தில் லிப்போமா கறுப்பாகத் தெரியும். வெறும் கண்ணால் பார்த்தால் காற்று மாதிரியே இருக்கும். ரேடியாலஜிஸ்ட் அந்த இடத்தில் அளவு எடுத்துப் பார்த்ததும் மைனஸ் 80 என்று வந்தால், அது கொழுப்பு என்று தெரிந்துவிடும். சில கட்டிகளின் ஓரத்தில் சுண்ணாம்புச் சத்து படிந்து வெள்ளைக் கோடாகவும் தெரியும்.

எம்.ஆர்.ஐ: இங்கேதான் குழப்பம்

எம்.ஆர்.ஐ-யில் 'டி1' என்று ஒரு வகைப் படம் எடுப்பார்கள். அதில் கொழுப்பு பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். பிரச்னை என்னவென்றால், சில நாட்களான ரத்தக்கசிவும் அதே படத்தில் வெள்ளையாகத்தான் தெரியும். ஒன்று அவசர சிகிச்சை தேவைப்படும் விஷயம். இன்னொன்று பிறந்ததிலிருந்து சும்மா இருக்கும் கொழுப்பு. இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் விளைவு பெரிது.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. கொழுப்பிலிருந்து வரும் சிக்னலை மட்டும் அணைத்துவிட்டு அதே படத்தைத் திரும்ப எடுப்பார்கள். 'ஃபேட் சப்ரஷன்' என்பது இதுதான். வெள்ளையாக இருந்த இடம் கறுப்பாக மாறினால் அது கொழுப்பு. வெள்ளையாகவே நின்றால் வேறு ஏதோ என்று தேட வேண்டும்.

கார்பஸ் கலோசம் முழுசாக வளர்ந்திருக்கிறதா என்பதும் எம்.ஆர்.ஐ-யில்தான் நன்றாகத் தெரியும். பாலத்தின் முன்பக்கம் உருண்டையாக, பெரிதாக இருக்கும் லிப்போமாவோடு மூளை வளர்ச்சிக் குறைபாடுகள் சேர்ந்து வர வாய்ப்பு அதிகம். பின்பக்கம் மெல்லிசாக, வளைந்த கோடு மாதிரி இருக்கும் வகையில் அந்த வாய்ப்பு குறைவு.

கொழுப்பு என்றாலே லிப்போமாவா?

இல்லை. 'டெர்மாய்டு' என்ற இன்னொரு பிறவிக் கட்டியிலும் கொழுப்பு இருக்கும். அது உடைந்தால் கொழுப்புத் துளிகள் மூளையைச் சுற்றியுள்ள திரவத்தில் சிதறி, மூளை உறையில் அழற்சியை உண்டாக்கலாம். லிப்போமா உள்ளே ஒரே சீராக இருக்கும். டெர்மாய்டு பெரும்பாலும் கலவையாகத் தெரியும். டெர்மாய்டு ரத்தக்குழாய்களை ஓரமாகத் தள்ளும். லிப்போமாவிலோ ரத்தக்குழாய்களும் நரம்புகளும் அதன் உள்ளேயே புகுந்து போகும்.

ஆபரேஷன் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

காரணம் இந்தக் கடைசி விஷயம்தான். கொழுப்பை வெட்டி எடுக்கப் போனால், அதற்குள் ஓடும் ரத்தக்குழாயும் நரம்பும் சேதமாகலாம். உதாரணமாக, காதுக்குப் போகும் நரம்பை ஒட்டிய லிப்போமாவை எடுத்தால் கேட்கும் திறனே போகக்கூடும். கட்டியோ பெரும்பாலும் வளராமல் அப்படியேதான் இருக்கும். ஸ்கேன் அடையாளங்கள் தெளிவாக இருந்தால் பயாப்சியும் பொதுவாகத் தேவைப்படாது.

வலிப்பு இருந்தால் அதற்கு மாத்திரை கொடுப்பார்கள். திரவம் தேங்கி மூளைக்குள் அழுத்தம் கூடினால், அதை வடிக்க 'ஷன்ட்' என்ற குழாய் வைப்பார்கள்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

* கொழுப்புதான் என்று சி.டி. அளவிலோ ஃபேட் சப்ரஷன் படத்திலோ உறுதி செய்தார்களா?
* கார்பஸ் கலோசம் சரியாக வளர்ந்திருக்கிறதா?
* திரவம் எங்கேயாவது தேங்கியிருக்கிறதா?
* எனக்கு இருக்கும் தொந்தரவுக்கு இதுதான் காரணமா, வேறு காரணம் இருக்கிறதா?
* மறுபடி ஸ்கேன் தேவையா? எப்போது?

பழைய ஸ்கேன் படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். பல வருஷம் முன்பு எடுத்ததிலும் அதே இடத்தில், அதே அளவில் இருந்தால் டாக்டருக்கு அது பெரிய ஆதாரம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வலிப்பு வந்தாலோ, தலைவலி நாளுக்கு நாள் கூடி வாந்தியும் பார்வை மங்கலும் சேர்ந்தாலோ 'ஏற்கெனவே இருக்கிற கொழுப்புதானே' என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.