மூச்சும் பாலும்

கைக்குழந்தைக்குச் சளி கண்டால் வீட்டார் இருமலையே எண்ணிக் கவலையுறுகின்றனர். மருத்துவரோ, "பால் குடிக்கிறதா?" என்று வினவுகிறார்.

இவ்வினாவின் காரணம் சிசுவின் உடலமைப்பில் உள்ளது. பிறந்து சில மாதங்கள்வரை குழந்தை பெரும்பாலும் மூக்கினாலேயே சுவாசிக்கிறது. உறிஞ்சுதல், விழுங்குதல், சுவாசித்தல் ஆகிய மூன்றும் ஓர் ஒழுங்கில் மாறி மாறி நிகழ்வன. விழுங்கும் கணத்தில் மூச்சு நின்று, பின் தொடர்கிறது. மூக்கு அடைபட்டாலோ, மூச்சு விரைந்தாலோ இவ்வொழுங்கு குலைகிறது. பசியுள்ள குழந்தை முலைக்காம்பைப் பற்றிய சிறிது நேரத்திலேயே விட்டுவிட்டு அழுவது இதனால்தான். இதனைப் பிடிவாதம் எனக் கருதுதல் தவறு.

இரண்டு வயதுக்குட்பட்டோரைத் தாக்கும் 'பிராங்கியோலைட்டிஸ்' நோயில் இந்நிலையைத் தெளிவாகக் காணலாம். நுரையீரலின் மிகச் சிறிய காற்றுக்குழல்கள் வீங்கிச் சளியால் அடைபடுவதே இந்நோய். இதற்குப் பெரிதும் காரணமான ஆர். எஸ். வி. என்னும் வைரஸ் 1956ஆம் ஆண்டில் சிம்பன்ஸிக் குரங்குகளிடமிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பெற்றது. வட இந்தியாவில் குளிர்காலமே இதன் பருவம். வைரஸைக் கொல்லும் ஆற்றல் ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கு இல்லை. ஆகவே, குழந்தை தேறும்வரை மூச்சும் நீரும் குறையாமல் காப்பதே சிகிச்சையின் பெரும்பகுதி.

வழக்கமான அளவை ஒரே முறையில் புகட்ட முயலலாகாது. நிறைந்த இரைப்பை உதரவிதானத்தை மேலே தள்ளி மூச்சைக் கடினமாக்கும்; சிறிது சிறிதாக, அடிக்கடி ஊட்டுதல் நன்று. ஊட்டுமுன் மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டுகளை நாசியில் விட்டு, இளகிய சளியை மெல்லிய துணித்திரியால் துடைத்தெடுக்கலாம். எண்ணெய் விடுதல் கூடாது. அது நுரையீரலை அடைந்து புதியதோர் அழற்சியை உண்டாக்கக்கூடும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டுவதில்லை. இருமலுக்கென்று தேன் கொடுப்பது ஒரு வயது நிறையும்வரை ஆபத்தானது.

உறிஞ்சக் களைத்த குழந்தைக்குப் பாலைப் பீய்ச்சியெடுத்து, தலையை உயர்த்திப் பிடித்து, பாலாடையால் மிடறு மிடறாக ஊட்டலாம். நம் பாட்டிமார் கையாண்ட சங்கு நல்ல கருவியே. குழந்தையைக் காலில் கிடத்தி மூக்கைப் பிடித்து ஊற்றும் வழக்கந்தான் தீது. மூச்சுத் திணறும் குழந்தையிடம் அப்பால் நுரையீரலுக்குள் சென்றுவிடும்.

குழந்தை அமைதியாக இருக்கையில், ஒரு நிமிடம் முழுதும் மூச்சை எண்ணுக. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, அதற்குமேல் ஒரு வயதுக்குள் 50, இவ்வெண்ணை எட்டினால் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். வழக்கத்தில் பாதியும் குடியாமை, பன்னிரண்டு மணி நேரம் சிறுநீர் கழியாமை, மார்பின் கீழ்ப்புறம் உள்வாங்குதல், உதடு நீலம் பாய்தல், விழிப்பின்றிக் கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று காணினும் ஊட்டும் முயற்சியை விடுத்து, உடனே மருத்துவமனைக்கு விரைக.

அங்கே மூக்கின் வழியாக இரைப்பைக்குள் மெல்லிய குழாய் செலுத்துவதுண்டு. தாய்மார் பலர் இதைக் கண்டு அஞ்சுகின்றனர். உறிஞ்சும் உழைப்பினின்று குழந்தைக்குச் சில நாள் ஓய்வளிக்கும் ஏற்பாடே இது. தாய் அந்நாட்களிலும் பாலைத் தவறாமல் பீய்ச்சி வரவேண்டும். குழாய் வழியே செல்லத்தக்கது அப்பாலே, சுரப்பும் அதனால் வற்றாதிருக்கும்.