நரம்பியல் வார்டில் கால் வைக்கும் இளம் டாக்டர்களுக்கு

நரம்பியல் என்றாலே மருத்துவ மாணவர்களில் பலருக்கு ஒரு தயக்கம் உண்டு. எம்.டி. முடித்து மேல்பயிற்சிக்குச் சேர்ந்தவர்களும், சில மாதங்களுக்கு மட்டும் இப்பிரிவுக்கு அனுப்பப்படும் ஜூனியர் டாக்டர்களும் முதல் சில வாரங்களைக் கலக்கத்துடனேயே கழிக்கிறார்கள். ஆனால் இத்துறையில் தேர்ந்தவர்கள் கையாளும் முறை எளியது. அதைப் பழகிக்கொண்டால் கலக்கம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பெங்களூர் ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ், அங்கிருந்த மனநல மருத்துவமனையையும் அகில இந்திய மனநல நிலையத்தையும் இணைத்து 1974-ல் உருவானது. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி என்று பல மொழி பேசும் நோயாளிகள் அங்கு வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து இப்படிப்பட்ட இடங்களுக்குப் பயிற்சிக்கு வரும் நம் பிள்ளைகளுக்குப் பயன்படக்கூடிய சில விஷயங்களை இங்கே பார்ப்போம்.

இரண்டு கேள்விகள்

நோயாளியைப் பார்த்ததும் நோயின் பெயரைத் தேடாதீர்கள். கோளாறு எங்கே இருக்கிறது என்பது முதல் கேள்வி. அது என்ன கோளாறு என்பது இரண்டாவது கேள்வி. இந்த வரிசையை மாற்றக்கூடாது.

வலது கையும் காலும் செயலிழந்து, பேச்சும் குழறினால் மூளையின் இடப்பக்கத்தை நினைக்க வேண்டும். இரு கால்களும் பலமிழந்து, தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி குறைந்து, சிறுநீரும் தடைப்பட்டால் முதுகுத் தண்டில் மார்புப் பகுதியைப் பார்க்க வேண்டும். இவருக்கு மூளையையோ இடுப்பெலும்பையோ மட்டும் ஸ்கேன் எடுத்தால் "கோளாறு இல்லை" என்றே அறிக்கை வரும். தண்டை அழுத்தும் கட்டியோ காசநோயோ அப்படியே இருக்க, அவர் வீட்டுக்கு அனுப்பப்படுவார். சில நாட்களில் கால்கள் நிரந்தரமாகவே போய்விடலாம். எங்கே ஸ்கேன் எடுப்பது என்பதை டாக்டரின் பரிசோதனைதான் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு விடை பெரும்பாலும் காலக்கணக்கில் இருக்கிறது. நொடிகளில் வந்தது என்றால் ரத்தக் குழாய்க் கோளாறு. சில நாட்களில் ஏறியது என்றால் கிருமியோ அழற்சியோ. மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்தது என்றால் கட்டியோ தேய்வோ. வந்து வந்து போகிறது என்றால் வலிப்போ ஒற்றைத் தலைவலியோ. விதிவிலக்குகள் உண்டு, என்றாலும் இந்தக் கணக்கு பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

சொல்லில் ஏமாறாதீர்கள்

நோயாளி சொல்லும் சொல்லை உடனே ஆங்கிலத்தில் எழுதிவிடுவது ஆபத்து. "இழுத்துக்கிச்சு" என்று தமிழர் சொன்னால் அது பக்கவாதமாக இருக்கலாம், வலிப்பாகவும் இருக்கலாம். "இழுப்பு" என்றால் சிலருக்கு ஆஸ்துமா. "மரத்துப்போச்சு" என்பவருக்கு உணர்ச்சி இல்லையா, பலம் இல்லையா? "தலை சுத்துது" என்பவருக்கு அறையே சுழல்கிறதா, கண் இருட்டுகிறதா, நடையில் தள்ளாட்டமா? இந்திக்காரர் "சக்கர்" என்றாலும் இதே கேள்விகள்தான். சொல்லை விட்டுவிட்டு, நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள்.

நினைவிழந்து விழுந்தவருக்கு நடந்தது தெரியாது. கண்ணால் பார்த்தவரைத் தேடிப் பிடியுங்கள். ஊரில் இருந்தால் டெலிபோனில் கேளுங்கள். யாராவது செல்போனில் படம் எடுத்திருந்தால் அது பல சோதனைகளுக்குச் சமம்.

கண்ணும் கையும்

பரிசோதனை நோயாளி உள்ளே நடந்து வரும்போதே தொடங்குகிறது. நடை, முகம், பேச்சு மூன்றையும் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. படுத்த படுக்கையாக இல்லாத எவரையும் நடக்க வைத்துப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். வலம், இடம் இரண்டையும் ஒப்பிடுங்கள். பாதத்தின் வெளியோரமாகக் கீறும்போது பெருவிரல் மேலே எழுவதை 1896-ல் பாரிஸில் பாபின்ஸ்கி எடுத்துச் சொன்னார். இத்தனை ஸ்கேன்கள் வந்த பிறகும் அந்தச் சோதனைக்கு மதிப்புக் குறையவில்லை. விழித்திரையையும் தவறாமல் பாருங்கள்.

மயக்கத்தில் உள்ளவரைப் பற்றி "அரை மயக்கம்" என்று எழுதினால் அடுத்த டாக்டருக்கு ஒன்றும் புரியாது. 1974-ல் கிளாஸ்கோ நகரில் வகுத்த அளவுகோலின்படி கண், பேச்சு, அசைவு மூன்றுக்கும் தனித்தனியே எண் எழுதுங்கள். மொத்தம் 3 முதல் 15 வரை. காலையில் 13 என்றிருந்தது மாலையில் 10 ஆனால், அது உடனே சீனியரை அழைக்க வேண்டிய சேதி.

இரவுப் பணியில்

பக்கவாதம் என்று வந்தால் முதலில் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். சர்க்கரை மிகக் குறைந்தாலும் அதே போல் தோன்றும். அடுத்து, "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்று கேளுங்கள். தூங்கி எழுந்தபோது கண்டார்கள் என்றால், படுக்கப்போன நேரத்திலிருந்து கணக்கு. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லையென்றால், கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்த சிலருக்குக் குழாய் வழியாகக் கட்டியை அகற்றும் சிகிச்சை 24 மணி நேரம் வரை உண்டு.

வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் தானாக நிற்கும் என்று காத்திருக்கக்கூடாது. முதல் மருந்தைப் பயந்து பயந்து கொஞ்சமாகக் கொடுப்பது பலரும் செய்வது. முழு அளவில் கொடுத்து, மூச்சைக் கவனியுங்கள்.

கால்களில் தொடங்கி மேலே ஏறும் பலவீனம் கில்லன்-பாரே நோயாக இருக்கலாம். இதில் மூச்சுத் தசைகள் தளர்ந்த பிறகும் ஆக்சிஜன் அளவு சில காலம் சரியாகவே காட்டும். அதை நம்பாமல் ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுங்கள். நேற்று 30 வரை எண்ணியவர் இன்று 15-ல் நின்றால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றும் நேரம் வந்துவிட்டது.

காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்போடு வருபவருக்கு மூளையுறைக் காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால், ஸ்கேனுக்காகவோ முதுகு நீர்ப் பரிசோதனைக்காகவோ மருந்தைத் தாமதிக்காதீர்கள்.

வீட்டாரிடம் பேசுவது

வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது நம்மவர் வழக்கம். அதைக் கேலி செய்யாமல், ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக்கூடாது என்று செய்தே காட்டுங்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பும் என்பதை அவர்கள் மொழியிலேயே சொல்லுங்கள். கல்யாண வயதுப் பெண்ணுக்கு வால்ப்ரோவேட் எழுதுமுன் சீனியரைக் கலந்துகொள்ளுங்கள். பிறக்கும் குழந்தையை அது பாதிக்கக்கூடும்.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஸ்கேன் வருமுன் உங்கள் முடிவை எழுதி வையுங்கள். வந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள். நாள்தோறும் இதைச் செய்துவந்தால் ஆறு மாதத்தில் கை தேர்ந்துவிடும். பெரிய ஸ்கேன் வசதி இல்லாத ஊரில் வேலைக்குப் போனாலும், யாரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, யாரை அங்கேயே வைத்துப் பார்ப்பது என்பது அப்போது தெரியும்.