புதிய மருத்துவரும் மருந்துச் சீட்டும்

மருத்துவப் படிப்பை முடித்து மருத்துவமனைப் பணியில் சேரும் இளம் மருத்துவர், முதல் நாளிலிருந்தே பல நோயாளிகளுக்கு மருந்து எழுத வேண்டியிருக்கிறது; மருந்தின் பெயர், அளவு, வேளை, செலுத்தும் வழி ஆகியவற்றுள் ஒன்று பிசகினாலும் நோயாளிக்குத் தீங்கு நேரக்கூடும். மருந்தெழுதும் பிழை என்பது தவறான மருந்தை எழுதுவது மட்டுமன்று. தேவையான மருந்தை விட்டுவிடுவதும், பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அவ்வகை மருந்தையே எழுதுவதும், மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் உட்கொள்ள வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டை நாள்தோறும் கொடுக்குமாறு குறிப்பதும் அதில் அடங்கும்.

பிரிட்டனில் மருத்துவர்களைப் பதிவுசெய்து நெறிப்படுத்தும் பொது மருத்துவ மன்றத்தின் பொருட்டு, டிம் டார்னன் தலைமையிலான குழு வடமேற்கு இங்கிலாந்தின் 19 மருத்துவமனைகளில் நடத்தி 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, 1,24,260 மருந்துக் குறிப்புகளைப் பரிசீலித்து, அவற்றில் நூற்றுக்கு 8.9 பிழையுடையவை எனக் கண்டது. முதலாண்டு மருத்துவர்களிடம் 8.4 விழுக்காடாக இருந்த பிழை, இரண்டாமாண்டினரிடம் 10.3 ஆகவும், மூத்த நிபுணர்களிடம் 5.9 ஆகவும் இருந்ததால், இக்குறை புதியவர்களுக்கு மட்டும் உரியதன்று என்பது தெளிவாயிற்று. பெரும்பாலான பிழைகளை மருந்தாளுநர்களும் செவிலியர்களும் மூத்த மருத்துவர்களும் நோயாளியை எட்டுமுன்பே கண்டு திருத்தினர்.

இப்பிழைகளுக்கு அறியாமை ஒன்றே காரணமன்று. பணிச்சுமை, களைப்பு, இடையூறுகள், முன்பின் அறியாத நோயாளிக்கு இரவுப் பணியில் மருந்து எழுத நேர்வது, மூத்தவரிடம் ஐயம் கேட்கத் தயங்குவது, எப்படியும் மருந்தாளுநர் திருத்திவிடுவார் என நம்புவது ஆகியவை ஒன்றோடொன்று சேரும்போதே பிழை பிறக்கிறது. ஆகவே தனியொருவரைக் கடிந்துகொள்வதால் அடுத்த பிழையைத் தடுக்க இயலாது. கடிந்துகொள்ளப்பட்டவர் அடுத்த முறை ஐயம் கேட்கவும் அஞ்சுவார்.

பிரிட்டனில் மருத்துவ மாணவர்களின் மருந்தெழுதும் திறனைச் சோதிக்கத் தனித் தேர்வு ஒன்று இப்போது நடத்தப்படுகிறது. ஆயினும் தேர்வில் தேறுவது தொடக்கமே. நோயாளிகளைப் பார்வையிடும்போது மருந்தாளுநரும் உடன் செல்வதும், நேர்ந்த பிழையை எழுதியவருக்கே எடுத்துச் சொல்லி விளக்குவதும், ஒவ்வாமையையும் மிகையளவையும் எச்சரிக்கும் கணினி முறையைப் பயன்படுத்துவதும் பெருந்துணை புரிகின்றன. கணினியும் பெயர்ப்பட்டியலில் அடுத்துள்ள மருந்தைத் தவறித் தேர்ந்தெடுக்க இடந்தருவதால், மனிதரின் மறுபார்வை என்றும் தேவை.

உலகச் சுகாதார நிறுவனம், மருந்துகளால் நேரும் தவிர்க்கத்தக்க கடுந்தீங்கை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைக்கும் இலக்குடன் 2017இல் ஓர் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியது. இதில் நோயாளிக்கும் பங்குண்டு: ஏற்கெனவே உட்கொண்டுவரும் மருந்துகள் மருத்துவமனையில் சேரும் வேளையில் விடுபடுவது அடிக்கடி நிகழ்வதால், ஒவ்வொருவரும் தம் மருந்துகளின் பெயர், அளவு, ஒவ்வாமை ஆகியவற்றை எழுதிவைத்து, சேரும்போதே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.