தாடை மூட்டில் சப்தம் ஏன்?

வாயைத் திறக்குந்தோறும் காதின் முன்புறத்தில் ‘டக்’கென்று ஒரு சப்தம் எழக் கேட்டுக் கலங்குவோர், அது பற்களை வரிசைப்படுத்தப் போட்ட கிளிப்பின் விளைவே என்று எண்ணிவிடுவது சகஜம். உண்மையில், கீழ்த்தாடையின் குமிழுக்கும் கபாலத்திலுள்ள குழிக்கும் இடையே மெத்தைபோல் அமைந்த நார்த் தகடு சற்று முன்னே நழுவியிருந்தால், வாய் திறக்கையில் முன்னோக்கிச் சறுக்கும் அந்தக் குமிழ், தகட்டின் தடித்த பின்விளிம்பைத் தாண்டி அதனடியில் மீண்டும் பொருந்தும் கணத்திலேயே அச்சப்தம் பிறக்கிறது. வலியில்லாதவரை அதற்குப் பெரும்பாலும் சிகிச்சை அநாவசியம்.

கம்பியின் காரியமோ வேறிடத்தில் நிகழ்வது. பல்லின் வேரை எலும்போடு பிணைக்கும், ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் கனமே உள்ள சவ்வு அழுந்தும் பக்கத்தில் எலும்பு கரைய, இழுபடும் பக்கத்தில் புதிய எலும்பு வளர, பல் மாதத்திற்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நகர்கிறது. அவசரப்பட்டு விசையைக் கூட்டினால் (நோயாளிகள் பலர் வேண்டுவது இதைத்தான்!) சவ்வில் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, பல் சிறிது காலம் நகராமலே நின்றுவிடும்.

1987இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பல்சீரமைப்பே மூட்டு நோயை விளைவித்தது என்ற வழக்கில் நோயாளிக்குப் பெருந்தொகை நஷ்டஈடாக விதிக்கப்பட்டது. அதன்பின் பெருகிய ஆராய்ச்சிகளோ, அச்சிகிச்சை அந்நோயைத் தோற்றுவிப்பதுமில்லை, தீர்ப்பதுமில்லை என்றே பெரும்பாலும் காட்டின. உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் வழக்கத்தையும் மனக்கிலேசத்தையும் முதலில் சந்தேகிப்பதே விவேகம்.