கப்பல் காத்திருக்காது

2025 ஜூலையில் நம் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டது. உல்லாசக் கப்பலில் சென்னைத் துறைமுகம் வந்திறங்குவோர், தாமே வாடகைக் கார் அமர்த்தி இங்கு வர விரும்பினால் பணத்தை எவ்வாறு கொடுப்பது? கார் ஓட்டிப் பிழைக்கும் நம் இளைஞர்களுக்கும் இது பொருந்துவதால் சற்று எண்ணிப் பார்ப்போம்.

கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில், கப்பல் துறைக்கு வராவிடில் பணம் திரும்பக் கிடைக்கும்; பேருந்து தாமதித்தால் பொதுவாகக் கப்பலும் காத்திருக்கும். தனியே ஏற்பாடு செய்தவருக்கு இந்த உறுதிகள் இல்லை. புயலால் கப்பல் திசை மாறினால் அவர் கொடுத்த முன்பணம் என்னாவது? விடியுமுன் செஞ்சியிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் ஓடி, வாயிலில் நிற்கும் ஓட்டுநரின் டீசல் செலவை யார் ஏற்பது?

ஆகவே முழுத்தொகையையும் முன்னரே கேட்பது முறையன்று. முன்பணமே வேண்டாமென்பதும் பேதைமையே. டீசலுக்கு ஆகுமளவு முன்பணம், அதற்கு ரசீது, மீதி துறைமுக வாயிலில் திரும்ப இறக்கிவிட்டபின். சுங்கச்சாவடிக் கட்டணமும் கோட்டை நுழைவுச்சீட்டும் யார் பொறுப்பு என்பதையும் ரசீதிலேயே குறித்துக்கொள்க. (டாலரில் பேசி ரூபாயில் முடிப்பதில் மனத்தாங்கல் எளிதில் பிறக்கும்.)

இராஜகிரி உச்சிவரை ஏறியே தீருவேன் என்பாரிடம் நேரக்கணக்கை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போகவரச் சாலையிலேயே ஆறு மணி நேரம் கழிந்துவிடும்.