தொடாமலே அறியும் ப்ராக்ஸி

டீ வரட்டும், அதற்குள் ப்ராக்ஸிமிட்டி சென்சார் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். பட்டறைகளில் சுருக்கமாக ‘ப்ராக்ஸி’ என்பார்கள். ஒரு பொருள் பக்கத்தில் வந்துவிட்டதா என்பதைத் தொடாமலே சொல்வதுதான் இதன் வேலை.

முன்பு இந்த வேலையை லிமிட் ஸ்விட்ச் செய்தது. நகரும் பாகம் வந்து அதன் நெம்புகோலைத் தட்டும். உள்ளே காண்டாக்ட் சேரும். தட்டித் தட்டி நெம்புகோல் தேயும், காண்டாக்ட் கரியும். ரசாயன ஆலை என்றால் காண்டாக்ட்டில் கிளம்பும் சிறு பொறியே ஆபத்து. ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் ரசாயன நிறுவனம் இதற்கு மாற்றுத் தேடியது. அதற்காக, மான்ஹைமில் உள்ள பெப்பர்ல்+ஃபுக்ஸ் நிறுவனத்தின் வால்டர் பெப்பர்லும் வில்ஃப்ரீட் கேலும் 1958இல் இண்டக்டிவ் ப்ராக்ஸியை உருவாக்கினார்கள்.

மரை போட்ட உலோகக் குழாய், முனையில் பிளாஸ்டிக் முகம்: வெளியே தெரிவது அவ்வளவுதான். முகத்துக்குப் பின்னால் ஃபெரைட்டில் பொதிந்த செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. ஆஸிலேட்டர் அந்தச் சுருளில் வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை திசை மாறும் மின்னோட்டத்தை ஓட்டுவதால், முகத்துக்கு முன்னே மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப்புலம் பரவி நிற்கும். அதற்குள் இரும்புத் துண்டு நுழைந்தால் அதன் மேற்பரப்பில் சுழல் மின்னோட்டம் உண்டாகும். இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரம் சூடாவதும் இதனால்தான். இந்த மின்னோட்டம் தனக்கு வேண்டிய சக்தியைச் சுருளிலிருந்தே எடுத்துக்கொள்வதால் ஆஸிலேட்டரின் வீச்சு குறைகிறது. அது ஓர் எல்லைக்குக் கீழே இறங்கியதும் வெளியீடு மாறுகிறது.

ஒரு ஸ்க்ரூடிரைவரை மெல்ல அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சில மில்லிமீட்டர் தூரத்திலேயே பின்பக்கத்து எல்இடி எரியும். விலக்கும்போது, எரிந்த இடத்தைத் தாண்டிச் சற்றுத் தள்ளிப்போன பிறகே அணையும். இந்த இடைவெளி வேண்டுமென்றே வைக்கப்பட்டது. இல்லையென்றால், அதிரும் மெஷினில் எல்லையோரம் நிற்கும் பாகத்தால் சிக்னல் துடித்துக்கொண்டே இருக்கும்.

எந்த உலோகம் என்பதும் முக்கியம். 18 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாதாரண ப்ராக்ஸி இரும்பை 5 மில்லிமீட்டரில் உணரும் என்றால், அலுமினியத்தைப் பாதித் தூரத்துக்கும் குறைவாகத்தான் உணரும். செம்புக்கு இன்னும் கிட்டே போக வேண்டும். நேற்றுவரை இரும்பு உருப்படி ஓடிய மெஷினில் இன்று அலுமினியம் ஓட்டினால் சென்சார் பேசாமல் இருப்பது இதனால்தான். அதேபோல் எல்இடி அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், கழற்றும் முன் முகத்தில் இரும்புச் சீவல் ஒட்டியிருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள்.

உலோகம் அல்லாதவற்றுக்கு வேறு வகைகள் உண்டு. தானியத் தொட்டி நிரம்பியதைக் கெப்பாசிடிவ் சென்சார் சொல்லும். பொருள் அருகே வரும்போது மாறும் மின்தேக்குத் திறனை அது கவனிக்கிறது. காரின் பின் பம்பரில் இருப்பது பெரும்பாலும் அல்ட்ராசோனிக். மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கணக்கிடும். ஒரு மீட்டரில் சுவர் இருந்தால் எதிரொலி வர சுமார் 6 மில்லிவினாடி. இந்தியாவில் புதிய கார்களுக்கு 2019 ஜூலை முதல் பின்பக்கப் பார்க்கிங் சென்சார் கட்டாயம். காதில் வைத்ததும் போன் திரை அணைவது, பல மாடல்களில் அகச்சிவப்பு ஒளி கன்னத்தில் பட்டுத் திரும்புவதால்.

ஆக, ஒவ்வொரு சென்சாரும் தனக்குத் தெரிந்த ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. என்ன பொருள், எவ்வளவு தூரம், சுற்றிலும் தூசியா எண்ணெயா என்று கேட்ட பிறகே சென்சாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பவர் பிரஸ் ஓட்டும் இடங்களில் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டைக்குள் தகடு வந்துவிட்டதென்று இண்டக்டிவ் ப்ராக்ஸி சரியாகச் சொல்லும். அங்கே தொழிலாளியின் விரல் இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது. கையைக் காக்க, அதற்கென்றே செய்த லைட் கர்ட்டனோ இரு கைப் பொத்தானோ வேண்டும். ப்ராக்ஸி இருக்கிறது, போதும் என்று யாரும் இருந்துவிடக் கூடாது.