தோற்றவர்களின் நாடகம்

ஆயுள் குறைந்த தொலைக்காட்சித் தொடர்கள் யாவும் அருமையானவை என்று சொல்வதற்கில்லை. பெரும்பாலானவை தக்க காரணத்துடனேயே மறைகின்றன. ஆனால் எந்தக் குணத்தினால் ஒரு தொடர் தன் காலத்தில் மாண்டதோ, அந்தக் குணத்தினாலேயே பின்னாளில் சிரஞ்சீவித்துவம் பெற்றது என்று சொல்லத்தக்க உதாரணங்கள் மிகச் சிலவே. 1999ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் தேதி அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கி, மறு ஆண்டு மார்ச் மாதத்திலேயே ரத்துச் செய்யப்பட்ட ‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’ அப்படிப்பட்ட தொடர்.

கதை நடப்பது 1980–81 கல்வியாண்டில். இடம், மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் நகரின் அருகே இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட சிப்பேவா என்ற ஊர். விளையாட்டுச் சாமான்கள் விற்கும் கடையொன்றை நடத்திவரும் ஹெரால்ட் வியர், அவருடைய மனைவி ஜீன், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகள் லிண்ட்ஸி, அதே பள்ளியில் அப்போதுதான் சேர்ந்திருக்கும் மகன் சாம் ஆகிய நால்வர் அடங்கியது குடும்பம். கணிதப் போட்டிகளில் பெயர் வாங்கிய லிண்ட்ஸி, திடீரென்று அதையெல்லாம் துறந்து, தந்தையின் பழைய ராணுவச் சட்டையை மாட்டிக்கொண்டு, வகுப்புக்கு மட்டம் போட்டு ராக் சங்கீதத்தில் மூழ்கிக் கிடக்கும் முரட்டுப் பிள்ளைகளின் சகவாசத்தை நாடுகிறாள். சாமோ, பலசாலிகளிடம் உதை வாங்கிக்கொண்டு, தன்னைப் போலவே நோஞ்சான்களான பில், நீல் என்ற இரு சிநேகிதர்களுடன் காலம் தள்ளுகிறான். தொடரின் பெயர் குறிப்பது இந்த இரு கூட்டத்தாரையுமே.

இதைச் சிருஷ்டித்த பால் ஃபீக், டெட்ராய்ட்டை அடுத்த மவுண்ட் கிளெமென்ஸ் என்ற ஊரில், ராணுவ உபரிச் சாமான் கடைக்காரர் ஒருவரின் மகனாக வளர்ந்தவர். அவரும் நிர்வாகத் தயாரிப்பாளரான ஜட் அப்பட்டோவும் கதை எழுத வந்தவர்களிடம் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, பள்ளி நாட்களில் தாங்கள் பட்ட அவமானங்களை ஒளிக்காமல் எழுதித் தரும்படி கேட்டார்கள். அந்த விடைகளிலிருந்து பிறந்த காட்சிகள் பல. ஆகவேதான் இதில் வரும் நகைச்சுவையில் சிரிப்புடன் கூச்சமும் கலந்தே வருகிறது.

முதல் அத்தியாயத்தில் லிண்ட்ஸி தன் மாற்றத்தின் காரணத்தைத் தம்பியிடம் சொல்லும் இடம் ஒன்று உண்டு. பாட்டியின் மரணத் தறுவாயில் அருகில் இருந்தவள் அவள் ஒருத்திதான். ஏதேனும் ஒளி தெரிகிறதா என்று அவள் கேட்டதற்கு, ஆயுள் முழுவதும் நல்லவளாகவே வாழ்ந்த அந்த மூதாட்டி, ஒன்றுமே தெரியவில்லை என்று சொல்லிவிட்டு உயிர் நீத்தாள். வேறொரு தொடராயிருந்தால் இந்தச் சங்கடத்துக்கு ஆறுதலாக ஓர் உபதேசம் உடனே வந்திருக்கும். இதில் வரவில்லை, கேட்ட சிறுவனுக்கும் பதில் தெரியவில்லை, எழுதியவரும் தெரிந்ததாகப் பாவனை செய்யவில்லை.

பெற்றோரைச் சித்திரித்த விதமும் கவனிக்கத்தக்கது. இரவு உணவு மேஜையில் பிள்ளைகள் எந்தத் தப்பிதத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும், அதைச் செய்த தம் பழைய பரிச்சயஸ்தர் ஒருவரின் கதையைச் சொல்லி, கடைசியில் அவன் செத்தே போனான் என்று முத்தாய்ப்பு வைப்பது ஹெரால்டின் வழக்கம். ஜோ ஃப்ளாஹர்ட்டி என்ற தேர்ந்த ஹாஸ்ய நடிகர் இதைச் சொல்லும்போது சிரிக்காதிருப்பது கடினம். ஆயினும், பட்டாளத்துக் கண்டிப்புள்ள தகப்பன் தன் டிரம்ஸ் வாத்தியத்தையே விற்றுவிட்டதால் மனமுடைந்து வரும் நிக் என்ற பையனுக்குத் தம் வீட்டில் இடமளித்து, பழைய ஜாஸ் இசைத்தட்டைப் போட்டுக் காட்டி அவனை உற்சாகப்படுத்துகிறவரும் அதே ஹெரால்டுதான். பரிகாசத்துக்கு உரியவராகவும் மரியாதைக்கு உரியவராகவும் ஒரே மனிதரைக் காட்டுவது எளிதில் கைவரும் வித்தையல்ல.

நீலின் குடும்பக் கதை இன்னும் நுட்பமானது. பல் வைத்தியரான தந்தையின் காரில், தங்கள் வீட்டுக் கதவோடு சம்பந்தமில்லாத ஒரு கராஜ் ரிமோட் அகப்படுகிறது. ஓயாமல் விகடம் பேசித் திரியும் அந்தச் சிறுவன், ஊரிலுள்ள வீடுகளின் முன்னெல்லாம் சைக்கிளில் போய் நின்று அதன் பொத்தானை அமுக்கிப் பார்க்கிறான். எந்தக் கதவும் திறக்காத வரையில் தந்தை குற்றமற்றவர் என்பது அவன் நம்பிக்கை. இறுதியில் ஒரு கதவு திறக்கிறது. உள்ளே தந்தையின் கார் நிற்கிறது. அதன் பின்னர், தாய்க்கு இது முன்பே தெரியும் என்பதும் தெரியவருகிறது. அழுகையும் ஆவேசமுமாக விரித்திருக்கக்கூடிய துரோகக் கதையை ஒரு சிறு பிளாஸ்டிக் பொத்தானில் அடக்கியதுதான் இங்கே கலை.

இத்தகைய தொடர் ஏன் நிலைக்கவில்லை? இளைஞர்கள் வீட்டில் தங்காத சனிக்கிழமை இரவில் முதலில் ஒளிபரப்பினார்கள். பேஸ்பால் பந்தயங்களுக்காக இடையிலே நிறுத்தினார்கள். பிறகு திங்கட்கிழமைக்கு மாற்றியபோது, தேசமே பைத்தியமாய்ப் பார்த்துக்கொண்டிருந்த ‘ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்’ பரிசுப் போட்டியுடன் மோதும்படி ஆயிற்று. இவற்றோடு, பாத்திரங்களுக்கு அவ்வப்போது வெற்றி கிட்ட வேண்டும் என்று நிர்வாகிகள் வற்புறுத்தியதாகத் தயாரித்தவர்கள் பின்னாளில் கூறியிருக்கிறார்கள். படைத்தவர்கள் இணங்கவில்லை. எடுத்த 18 அத்தியாயங்களில் 12 ஒளிபரப்பான நிலையில் தொடர் நின்றது. மூன்று அந்தக் கோடையிலும், எஞ்சிய மூன்று வேறொரு அலைவரிசையிலும் வெளிவந்தன. ரத்து நிச்சயம் என்று உணர்ந்த ஃபீக், இறுதி அத்தியாயத்தை முன்கூட்டியே படமாக்கி வைத்திருந்ததால், கதை அந்தரத்தில் விடப்படாமல் ஒரு முடிவை எய்தியது.

நடிகர்களைத் தேர்ந்தெடுத்த திறமைக்காக 2000ஆம் ஆண்டில் எம்மி விருது கிடைத்தது. அந்தத் தேர்வு பொய்க்கவில்லை என்பதற்கு சேத் ரோகன், ஜேசன் சீகல், ஜேம்ஸ் ஃபிராங்கோ, லிண்டா கார்டெலினி ஆகியோரின் பிற்காலக் கீர்த்தியே சாட்சி. காட்சிகளோடு பிரிக்க முடியாதபடி இழைத்திருந்த ராக் பாடல்களுக்கு உரிமைத்தொகை செலுத்தும் சிக்கலால் தாமதித்து, 2004இல்தான் டி.வி.டி. வெளியாயிற்று, அதன் பிறகே இத்தொடர் தனக்குரிய ரசிகர்களை முழுமையாக அடைந்தது.

பிள்ளைகள் தோற்றாலும் அவர்களுக்கு மதிப்புண்டு என்று நம்புகிற எந்தக் குடும்பமும் இதைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். வயதுக்கு வந்த பிள்ளைகளோடு பார்ப்பது உசிதம். மொத்தமும் பார்க்க ஏறக்குறைய 13 மணி நேரம் பிடிக்கும். பார்ப்பவர்கள் முதல் அத்தியாயத்திலிருந்து வரிசை பிசகாமல் பார்க்க வேண்டும்; ஏனெனில், முதலில் ஒளிபரப்பியவர்கள் அந்த ஒரு மரியாதையைக்கூட இதற்குச் செய்யவில்லை.